மேட்டில் நிற்காத சாமி

செத்துப்போனவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை பேச வேண்டும் என்பார்கள். இருந்தால் பேசியிருப்பேன். என் கணவர் கோபால்சாமி பதினொரு வருஷம் ஜவ்வாது மலைக்குக் கார் ஓட்டினார். கணியம்பாடியில் பழைய ஆட்களைக் கேட்டால், "டிரைவருன்னா அவருதாங்க, இன்னா மிடுக்கு!" என்பார்கள். மலையில் கேட்டால் சிரிப்பார்கள். மலைக்காரர்கள் சிரிப்பதற்குத்தான் காரணம் இருக்கிறது. அதைச் சொல்லத் தகுதியான ஆள் நான்தான். நான் மலையில் ஆரம்பப் பள்ளி டீச்சராக இருந்தேன். அவருடைய மனைவி என்கிற உத்தியோகத்தையும் சேர்த்துப் பார்த்தேன்.

விஷயத்தை மறைத்து வைத்துச் சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது. என் கணவருக்கு மேட்டில் நின்ற காரை எடுக்கத் தெரியாது. அவ்வளவுதான். ஏறும்போது பாதியில் நிறுத்திவிட்டால், மறுபடி கிளப்பும்போது கார் முன்னால் போவதற்குப் பதில் பின்னால் உருளும். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு யாரையாவது திட்டுவார். மலைக்குக் கார் ஓட்டுகிறவருக்கு இது தெரியாதென்றால், சமையல்காரனுக்கு அடுப்புப் பற்றவைக்கத் தெரியாத மாதிரி.

ஒடுகத்தூர் பக்கத்தில் அவர்களுக்கு வேர்க்கடலை நிலம் இருந்தது. அதில் இறங்கிக் குனிந்தால் சட்டை அழுக்காகும் என்று வேலூருக்குப் போய்க் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். வேலூரில் ஏது மேடு? ரோடும் சமம், லைசென்ஸுக்கு ஓட்டிக் காட்டிய மைதானமும் சமம். எட்டுப் போட்டுக் காட்டிவிட்டு லைசென்ஸோடு வந்துவிட்டார். எழுபத்தொன்றில் கணியம்பாடி புளி வியாபாரி ரங்கசாமி ஒரு பழைய அம்பாசடர் வாங்கினார். மலையில் அவருக்குப் புளி குத்தகை இருந்தது, ஒரு கடையும் இருந்தது. திங்களும் வெள்ளியும் கார் மலைக்குப் போய்ச் சாயங்காலம் இறங்கும். அதற்கு டிரைவராக இவர் சேர்ந்தார். அடுத்த வருஷம் அதே காரில் என்னைப் பெண் பார்க்க வந்தார். என் அப்பா காரையே பார்த்துக்கொண்டிருந்ததில் மாப்பிள்ளையைச் சரியாகப் பார்க்கவில்லை. கார் ரங்கசாமியுடையது. மீசை மட்டும்தான் சொந்தம்.

கல்யாணமான மூன்றாவது வாரமே எனக்கு உண்மை தெரிந்துவிட்டது. திங்கட்கிழமை ஏறி, வாரமெல்லாம் மலையில் தங்கி, வெள்ளிக்கிழமை இறங்குவது என் வழக்கம். அந்தத் திங்கட்கிழமை காலை பள்ளிக்கூடத்துக்கு அவரோடு காரில் போனேன். அமிர்தியைத் தாண்டிக் காடு முடிந்ததும் மலை ஏற ஆரம்பிக்கும். அதில் குதிரைப்பாறை மேடு என்று ஒரு ஏற்றம். மூன்று பர்லாங் நீளம், ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். பாதி ஏறியபோது குறுக்கே ஆடுகள் வந்தன. அவர் நிறுத்தினார். ஆடுகள் போன பிறகு காரை எடுத்தார். கார் பின்னால் போனது. பிரேக்கை மிதித்தார், நின்றது. மறுபடி எடுத்தார், இன்னும் கொஞ்சம் பின்னால் போனது. மூன்றாவது தடவை பின்பக்கம் பாறையில் போய் முட்டி நின்றது. நல்லவேளை, பள்ளத்துப் பக்கம் போகவில்லை.

முதலில் ஆடுகளைத் திட்டினார். பிறகு ஆடு மேய்த்தவளைத் திட்டினார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார்.

"பின்னாடி நீ ஒக்காந்துக்கினு இருக்கிற வெயிட்டு. அதான் இஸ்துக்குது" என்றார்.

அப்போது என் எடை நாற்பத்திரண்டு கிலோ. புது மருமகள் என்பதால் ஒன்றும் சொல்லாமல் இறங்கினேன். ஓரத்தில் கிடந்த ஒரு கல்லை உருட்டி வந்து பின்சக்கரத்துக்கு அடியில் வைத்தேன். கார் பின்னால் போக வழியில்லாமல் முன்னால் போனது. அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "வெயிட்டு எறங்குனதும் பாத்தியா" என்றார். எனக்கு அன்றைக்கே இந்த மனிதர் மேல் இருந்த மரியாதை பாதி போய்விட்டது. மீதி போக இரண்டு வருஷம் ஆனது.

அந்த இரண்டு வருஷமும் கல் வைக்கிற வேலை என்னுடையது. ரங்கசாமி அப்போதெல்லாம் காரில் மலைக்கு வர மாட்டார். மேட்டில் எப்போது கார் நின்றாலும், டீச்சரம்மா பின் கதவைத் திறந்துகொண்டு குதிப்பாள், கல் தேடுவாள், சக்கரத்துக்கு அடியில் வைப்பாள், கார் போன பிறகு பின்னாலேயே ஓடிப்போய் ஏறுவாள். இது சரிப்படாது என்று ஒருநாள் ஒடுகத்தூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு பஸ் டிரைவரிடமே கேட்டேன். அவர் டீ குடித்துக்கொண்டே சொல்லிவிட்டார்.

"ஹேண்ட் பிரேக்க நல்லா இஸ்துப் புடிச்சிக்கணும்மா. அப்பறம் கிளச்ச மெள்ள விடணும். விட விட என்ஜின் சத்தம் கம்மும், வண்டி மூஞ்சத் தூக்கும். அப்போ கொஞ்சம் ரேஸ் குடுத்துக்கினே ஹேண்ட் பிரேக்க எறக்கினா முன்னால போய்டும். ஒரு சாண் கூடப் பின்னால வராது. பத்து வாட்டி பழகுனா தூக்கத்துல கூட வந்துரும்."

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை யாருமில்லாத மேட்டில் பழகிப் பார்க்கலாமே என்றும் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டைத் தள்ளிவிட்டார்.

"எனக்குக் காரு ஓட்ட நீ சொல்லித் தர்றியா? போய்ப் பசங்களுக்கு அ, ஆ சொல்லிக் குடு. தெரிஞ்சவன் இன்னாத்துக்குப் பழகணும்?"

பத்து தடவை பழகினால் போதும் என்கிற விஷயம். அதற்குக் கூச்சப்பட்டுக்கொண்டு ஒரு ஆள் ஒரு ஆயுளை ஓட்டினார் என்றால் நம்புவீர்களா?

கல் வைக்கிற வேலையை நான் விட்டதற்கும் ஒரு கதை உண்டு. ஒருநாள் நான் மேட்டில் கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைப் பெரியம்மாள் என்று ஒரு மலைக்காரி பார்த்துவிட்டாள். அவளுடைய இரண்டு பெண்கள் என்னிடம்தான் படித்தார்கள். மறுநாள் பள்ளிக்கூட வாசலில் நின்றுகொண்டு, "இன்னா டீச்சரம்மா, சம்பளம் பத்தலியா, கல்லு வேலைக்குப் போறீங்க?" என்று கேட்டாள். வெள்ளந்தியாகத்தான் கேட்டாள். ஆனால் பிள்ளைகள் எல்லாம் கொல்லென்று சிரித்துவிட்டன. எனக்கு முகம் சுண்டிப்போனது. அந்த வெள்ளிக்கிழமை இறங்கும்போதே அவரிடம் சொல்லிவிட்டேன், இனிமேல் கார் உருண்டு அமிர்தியில் போய் விழுந்தாலும் நான் இறங்க மாட்டேன் என்று.

அதற்கு அவர் கண்டுபிடித்த வழிதான் அவரைப் பெரிய மனிதர் ஆக்கியது. மேட்டில் நிறுத்தினால்தானே எடுக்க வேண்டும்? நிறுத்தவே மாட்டார். ஆடு, மாடு, சுமையோடு போகிற மனிதர்கள் யார் குறுக்கே வந்தாலும் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஏறுவார். மலைக்கு அப்போது பஸ் கிடையாது. வருகிற வண்டிக்குக் கை காட்டித்தான் ஏறுவார்கள். ரங்கசாமியும், ஏற்றிக்கொள்ளட்டும், நாளைக்கு நமக்குப் புளி கொடுக்கப் போகிற ஜனங்கள்தானே என்று விட்டிருந்தார். ஆனால் இவர் மேட்டில் யார் கை காட்டினாலும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். வழியில் மூன்று இடத்தில் ரோடு சமமாக இருக்கும். அங்கே மட்டும்தான் நிற்பார். வேண்டுமென்றால் அங்கே நடந்து வந்து ஏறிக்கொள்ள வேண்டும்.

ஜனங்கள் இதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார்கள். அவருக்கு அதில் சந்தோஷம் தாங்கவில்லை. துப்புக்கெட்டவன் என்று பெயர் வாங்குவதைவிடத் திமிர் பிடித்தவன் என்று பெயர் வாங்குவது அவருக்கு எவ்வளவோ மேலாக இருந்தது. கறுப்புக் கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டார். மீசையை இரண்டு விரல்கடை நீட்டினார். கார் வருகிற சத்தம் கேட்டால் தலைச்சுமையோடு போகிற பெண்கள் பாறை ஓரமாக ஒட்டிக்கொண்டு நின்றார்கள். ரங்கசாமியும் கடையில் உட்கார்ந்துகொண்டு, "நம்ம டிரைவரு கண்டவனுக்கெல்லாம் நிக்க மாட்டான்யா, அவனுக்குன்னு ஒரு கெத்து இருக்குது" என்று பெருமை பேசினார். காரில் முன்னால் உட்கார்ந்து வருகிற முதலாளிக்கே தெரியவில்லை என்றால் யாருக்குத் தெரியப்போகிறது?

மலைக்காரர்கள் அவரைச் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். பெயரில் சாமி இருக்கிறதே. குதிரைப்பாறை மேட்டின் உச்சியில் இருந்த சமமான இடத்துக்கு, "சாமி நிக்கிற எடம்" என்று பெயர் வந்துவிட்டது. எங்கே ஏறினே என்று கேட்டால், சாமி நிக்கிற எடத்துல ஏறினேன் என்பார்கள். ஒருமுறை கணியம்பாடியிலிருந்து ஒரு குடும்பம் மலைக்கு நேர்த்திக்கடனுக்கு வந்தது. வழியில் யாரோ இதுதான் சாமி நிக்கிற எடம் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் வண்டியை விட்டு இறங்கி, அங்கிருந்த புளியமரத்துக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துத் தேங்காய் உடைத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். இவர் அந்தக் குங்குமத்தைப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். தன் கையாலாகாத்தனத்துக்குத் தேங்காய் உடைத்திருக்கிறார்கள் என்று அவருக்கு உறைக்கவே இல்லை.

"எல்லாம் சரிங்க. ஒரு நாளைக்கு யாராவது உசுருக்குப் போராடிக்கினு மேட்டுல கை காட்டுனா இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"அன்னிக்குப் பாத்துக்கலாம்" என்றார்.

அந்த நாள் எழுபத்தெட்டு ஆவணியில் வந்தது. சாமைக் காட்டில் களை எடுக்கிற சமயம். திங்கட்கிழமை காலை. முன் சீட்டில் ரங்கசாமி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டு வந்தார். நான் பின்னால். குதிரைப்பாறை மேட்டில் பாதிக்கு மேல் ஏறியிருப்போம். ரோட்டின் நடுவில் ஒருவர் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றார். மாதையன் என்று பெயர். ஒரு ஏக்கர் சாமையும் நாலு புளியமரமும் வைத்துக்கொண்டு யார் வம்புக்கும் போகாமல் இருக்கிற மனிதர். ஓரத்தில் பாறையில் சாய்த்து அவருடைய மனைவி வடிவை உட்கார வைத்திருந்தார். அவளுடைய காலில் முழங்காலுக்குக் கீழே துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தது. தலை ஒரு பக்கமாகத் தொங்கியது. பாம்பு கடித்திருக்கிறது என்று பார்த்த உடனே தெரிந்துவிட்டது. மலை மேலே ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே போகத்தான் நிற்கிறார்கள்.

"நிறுத்துங்க" என்று கத்தினேன்.

"சமத்துல நிறுத்துறேன்" என்றார். ஹாரனை அழுத்தினார். மாதையன் கடைசி நிமிஷத்தில் விலகிக்கொண்டார். கார் அவரையும் அவளையும் தாண்டிப் போனது.

ரங்கசாமி பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "இன்னாய்யா அது?" என்றார்.

"குடிச்சிட்டுக் கெடக்குதுங்க மொதலாளி" என்றார் என் கணவர். இதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை.

மேட்டின் உச்சியில் நின்றதும் நான் இறங்கிக்கொண்டேன். பாம்பு கடித்தவளை விட்டுவிட்டுப் போகக்கூடாது, அவர்கள் வந்து சேரும் வரை நான் ஏற மாட்டேன் என்று ரங்கசாமியிடமே சொன்னேன். அவர் பதறிப்போய்க் காத்திருக்கச் சொன்னார். செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுக் கீழே ஓடினேன். மாதையன் அவளை முதுகில் போட்டுக்கொண்டு ஏறி வந்துகொண்டிருந்தார். நான் அவள் கால்களைப் பிடித்துக்கொண்டேன். அந்த மேட்டை ஏற எங்களுக்கு இருபது நிமிஷம் ஆனது. வழியில் ஒருதடவை அவள் வாந்தி எடுத்தாள், அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். மத்தியானம் வடிவு செத்துப்போனாள். டாக்டர் வெளியே வந்து, "ஒரு கால் மணி முன்னாடி வந்திருந்தா பாத்திருக்கலாம்" என்றார். நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் கறுப்புக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு என் காதருகே வந்து, "டாக்டருங்க எல்லாருக்கும் சொல்லுறதுதான் இது" என்றார்.

அதற்கப்புறம் நடந்ததை நினைத்தால் இப்போதும் என் உடம்பு கூசுகிறது. மாதையன் வந்து என் கணவரின் காலில் விழுந்தார்.

"யாருக்கும் நிக்காத சாமி எனக்கோசரம் அவ்ளோ நேரம் நின்னீங்களே. அவ குடுத்து வெக்கல, நீங்க இன்னா பண்ணுவீங்க" என்று அழுதார்.

கோபால்சாமி அவரைத் தூக்கி நிறுத்தித் தோளில் தட்டிக்கொடுத்தார். "வுடு, அழுவாத" என்றார். கடவுள் பக்தனுக்குச் சொல்கிற தோரணை அதில் இருந்தது. எனக்கு அவருடைய மீசையைப் பிடித்து இழுத்து அறைய வேண்டும் போல இருந்தது. செய்யவில்லை.

அந்த வருஷத்திலிருந்து ஒவ்வொரு தை மாதமும் மாதையன் ஒரு மூட்டை சாமையும் கொட்டை எடுத்த புளியும் கொண்டுவந்து எங்கள் வீட்டில் வைப்பார். வேண்டாம் என்று சொன்னால், "அவ பேரச் சொல்லிக் குடுக்குறங்க" என்பார். என் கணவர் வாங்கிக்கொள்வார். சாமைச் சோறு ஆக்கிப் போட்டால், நல்லா இருக்குது என்று இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். தொண்டையில் எப்படி இறங்கியதோ! நானும்தான் சாப்பிட்டேன். ஒருநாள் பொறுக்காமல், மாதையனிடம் உண்மையைச் சொல்லிவிடப்போகிறேன் என்றேன்.

"சொல்லு. என் வேலை போவும். டிரைவர் பொண்டாட்டின்னு உன்னைப் பாத்தும் மலையே சிரிக்கும். கல்லு தூக்குன கதையும் சேந்து வரும். இஷ்டமிருந்தா சொல்லு" என்றார்.

நான் சொல்லவில்லை. நாலு வருஷம் சொல்லவில்லை. ஆனால் மனசுக்குள் அவரை ஒரு நாளும் மன்னிக்கவில்லை. நிறுத்தச் சொல்லிக் கத்தியது நான், இறங்கி ஓடியது நான், அவள் காலைப் பிடித்துத் தூக்கியது நான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அவர் குறட்டை விட்டுத் தூங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் சொல்லிக்கொள்வேன்.

எண்பத்திரண்டு ஐப்பசியில் ஒரு வாரம் விடாத மழை. மழை விட்ட திங்கட்கிழமை காரில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் மலைக்குப் போனோம். குதிரைப்பாறை மேட்டின் அடியிலேயே ஒருவர் துண்டை ஆட்டினார். இவர் நிற்கவில்லை. நடுவில் பெரியம்மாள் நின்று கை காட்டினாள். அதற்கும் நிற்கவில்லை. அடுத்து ஒருவர் இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டு காரோடு கூடவே ஓடி வந்தார்.

"ஏதோ சொல்லுறாங்க, நிறுத்துங்க" என்றேன்.

"காலங்காத்தால எல்லாத்துக்கும் ஓசிக் காரு கேக்குது" என்று சொல்லிவிட்டு இன்னும் வேகமாக மிதித்தார்.

உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வளைவு. வளைவில் திரும்பினால், ரோட்டில் பாதி இல்லை. மழையில் சரிந்து பள்ளத்துக்குள் போயிருந்தது. குறுக்கே ஒரு மரத்துண்டைப் போட்டு வைத்திருந்தார்கள். ஏழெட்டுப் பேர் மண்வெட்டியும் கடப்பாரையுமாக ரோட்டைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். அதில் மாதையனும் இருந்தார். என் கணவர் பிரேக்கை மிதித்தார். மேட்டிலேயே மிகச் செங்குத்தான இடத்தில், அத்தனை பேருக்கு நடுவில், கார் நின்றது. பத்து வருஷமாக அவர் எதற்குப் பயந்துகொண்டிருந்தாரோ அது நடந்துவிட்டது.

ரோடு உடைந்திருக்கிறது என்று சொல்லத்தான் கீழே இருந்து கை காட்டியிருக்கிறார்கள். அவர்கள் யாருக்கும் கோபம் இல்லை. மரத்துண்டை நகர்த்திவிட்டு, "பாறை ஓரமா மெள்ள ஏத்திக்கினு போய்டுங்க சாமி, அந்தப் பக்கம் கெட்டியாத்தான் இருக்குது" என்று வழிவிட்டார்கள்.

அவர் எடுத்தார். கார் பின்னால் ஒரு முழம் போய் நின்றது. மறுபடி எடுத்தார். என்ஜின் அணைந்துவிட்டது. அவர் கழுத்தில் வியர்வை வழிந்தது. நான் இறங்கிவிட்டேன். மூன்றாவது தடவை கார் நேராகப் போகாமல் பள்ளத்துப் பக்கமாக உருள ஆரம்பித்தது. பிரேக் போட்டும் ஈர மண்ணில் வழுக்கிக்கொண்டு போனது. அவர் உள்ளேயிருந்து, "சகுந்தலா!" என்று அலறினார். பத்து வருஷத்தில் அவர் என்னைப் பயந்துபோய்க் கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான். நாலு பேர் பாய்ந்துபோய்க் காரின் பின்னால் தோள் கொடுத்தார்கள். மாதையன் ஒரு பெரிய கல்லைத் தூக்கி வந்து பின்சக்கரத்துக்கு அடியில் போட்டார். கார் நின்றது. பள்ளத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு அடிதான் இருந்தது.

"இன்னா சாமி, பிரேக்கு போய்டுச்சா?" என்று மாதையன் பதறிக்கொண்டு கேட்டார்.

"நீங்க கத்துன கத்துல கால் பிசகிடுச்சு" என்றார் என் கணவர். உயிரைக் காப்பாற்றிய ஆட்களைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை இது.

அங்கிருந்தவர்களில் சின்னக்குழந்தை என்று ஒருவர் கொஞ்ச நாள் கீழே லாரி ஓட்டியவர். அவர் காருக்குள் எட்டிப் பார்த்தார். ஹேண்ட் பிரேக்கைப் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்.

"யோவ், இந்தாளுக்கு மேட்டுல எடுக்கத் தெரியலய்யா! அதான் இத்தினி வருசமா நிக்காமப் போய்க்கினு இருக்கிறாரு. நாம இன்னாடான்னா திமிருன்னு நெனச்சிட்டோம்!"

எல்லோரும் சிரித்தார்கள். மூச்சு வாங்க ஏறி வந்த பெரியம்மாளும் விஷயம் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சின்னக்குழந்தை என் கணவரைத் தோளைத் தொட்டு இறக்கிவிட்டு உட்கார்ந்தார். ஹேண்ட் பிரேக்கை இழுத்தார், கிளச்சை மெல்ல விட்டார். காரின் முன்பக்கம் லேசாகத் தூக்கியது. பிரேக்கை இறக்கினார். கார் ஒரு அங்குலம்கூடப் பின்னால் வராமல் பாறை ஓரமாக ஏறிப் போனது. வெற்றிலை போடுகிற நேரம்கூட ஆகவில்லை. மற்றவர்கள் சிரித்துக்கொண்டே காரின் பின்னால் போனார்கள்.

மாதையன் மட்டும் போகவில்லை. அவர் சிரிக்கவும் இல்லை. தான் போட்ட கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சாமி, அன்னிக்கு வடிவ ஒக்கார வெச்சிட்டு இதே மேட்டுல கை காட்டினனே. அப்பவும் இதானா?" என்று கேட்டார்.

"அன்னிக்கு மொதலாளி வண்டில இருந்தாரு. அவருதான் நிறுத்த வேணாம்னு..." என்று என் கணவர் ஆரம்பித்தார்.

மாதையன் அவரைக் கேட்கவில்லை. என்னைப் பார்த்தார். "டீச்சரம்மா, நீங்க சொல்லுங்க."

"ஆமாங்க. இதான்" என்றேன்.

அவர் ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார். மலை ரோட்டில் பார்க்கிற இடமெல்லாம் கல்தானே.

"ஒரு வார்த்த சொல்லி இருந்தா நானே வெச்சிருப்பேனே. ஒரு கல்லுதானே" என்றார்.

என் கணவர் மீசையைத் தடவிக்கொண்டு பள்ளத்தைப் பார்த்தார். இவ்வளவு கேவலமான ஒரு மனிதரோடு பத்து வருஷம் குடித்தனம் செய்தேனே என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது, மாதையன் மறுபடி என் பக்கம் திரும்பினார். அவர் குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"நீங்களும் உள்ளதானே ஒக்காந்துக்கினு இருந்தீங்க, டீச்சரம்மா?"

உள்ளேதான் உட்கார்ந்திருந்தேன். நிறுத்துங்க என்று கத்தினேனே தவிர, நிறுத்துங்க, நான் இறங்கிக் கல் வைக்கிறேன் என்று சொல்லவில்லை. முன் சீட்டில் ரங்கசாமி இருந்தார். அவருக்கு முன்னால் ஒரு டீச்சர் கல் தூக்குவதா என்று என் வாய் தானாகவே நின்றுவிட்டது. இரண்டு வருஷம் வைத்துப் பழகிய கை என்னுடையது. ஒரு நிமிஷ வேலை. இதையெல்லாம் மாதையனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ரோடு உடைந்த இடத்துக்குப் போய் மண்ணை அள்ளிப் போட ஆரம்பித்தார். மேலேயிருந்து சின்னக்குழந்தை ஹாரன் அடித்தார். என் கணவர் முன்னால் நடந்தார், நான் பின்னால் நடந்தேன்.